‘காம்ப்ளெக்ஸ்’ என்ற சொல்லின் சாதி

2022 அக்டோபர் 6ஆம் தேதி ஒன்றிய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. இந்து, சீக்கிய, பவுத்த மதங்களைத் தவிர வேறு மதங்களுக்கு மாறிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதி கொடுக்கலாமா என்று ஆராய, உச்ச நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கிறோம் என்றது. இந்தக் கேள்விக்கு அந்த ஆங்கில அறிவிக்கை சூட்டியிருக்கும் பட்டப்பெயர் ‘ஹிஸ்டாரிக்கலி காம்ப்ளெக்ஸ்’. வரலாற்று ரீதியாகச் சிக்கலான கேள்வியாம். ஆகவே தீர்க்கமாக ஆய்வு செய்து, சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் விரிவாகக் கலந்து பேசிய பிறகுதான் எதையும் செய்ய முடியுமாம்.

அனுமந்தன்பட்டியில் நம் மாணவத் தோழர்களோடு உட்கார்ந்து இதை வரிவரியாகப் படித்தோம். ‘காம்ப்ளெக்ஸ்’ வந்ததும் கல்லூரியில் படிக்கும் தங்கை ஒருவர், “காம்ப்ளெக்ஸ்னா பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கடைய வாடகைக்கு விடுவாங்களே, அந்த பில்டிங்தானே அண்ணே?” என்றார். சிரித்தோம். இன்னொருவர், “இல்லப்பா, நமக்கு இருக்குன்னு வாத்தியாருங்க சொல்வாங்களே, அந்த காம்ப்ளெக்ஸ்” என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு இரவு வரை பேச்சு அந்த ஒரு சொல்லைச் சுற்றியே போனது. அதனால்தான் இந்தப் பதிவு.

ஆங்கிலத்தில் இந்த வகைச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. காம்ப்ளெக்ஸ், காம்ப்ளிகேட்டட், இன்ட்ரிகேட், என்டாங்கிள்டு, இன்டர்ட்வைன்டு, மல்டி லேயர்டு, நுவான்ஸ்டு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். வேரைத் தோண்டினால் பெரும்பாலும் நூல் வேலையும் துணி வேலையும்தான். காம்ப்ளெக்ஸ் லத்தீனில் பின்னலோடு தொடர்புள்ள வேரிலிருந்து வந்தது. காம்ப்ளிகேட்டட் என்றால் சேர்த்து மடித்தது. நம் தமிழிலும் அதே கதைதான். சிக்கல் என்றால் சிக்கிக்கொண்ட நூல், சிக்கிக்கொண்ட முடி. பின்னிப் பிணைந்தது என்கிறோம், முடிச்சு என்கிறோம். பின்னல் என்றால் பின்னிய கை ஒன்று இருக்கும். மடிப்பு என்றால் மடித்தவர் ஒருவர் இருப்பார். ஆனால் ஆங்கிலத்தில் ‘தி இஷ்யூ இஸ் காம்ப்ளெக்ஸ்’ என்று எழுதிவிட்டால் அந்தக் கை காணாமல் போய்விடுகிறது. யாரும் சிக்கலாக்கவில்லை, அது தானாகவே அப்படி இருக்கிறது, மழை பெய்வது போல.

இந்தக் கேள்வியைச் சிக்கலாக்கிய கைக்குத் தேதி உண்டு. 1950 ஆகஸ்ட் 10. குடியரசுத் தலைவர் வெளியிட்ட பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத மதத்தைச் சேர்ந்த எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. அதற்கு முன் 1936ஆம் ஆண்டு ஆணையிலேயே வெள்ளைக்காரன் இந்தியக் கிறித்தவர்களை விலக்கியிருந்தான். சுதந்திர நாடு அந்த ஒரு விஷயத்தில் எஜமானனின் வழியை மறக்கவில்லை. 1956இல் அந்தப் பத்தியில் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990இல் வி.பி. சிங் ஆட்சியில் பவுத்தர்களைச் சேர்த்தார்கள். இரண்டும் நியாயமான திருத்தங்கள், நாம் வரவேற்ற திருத்தங்கள். இரண்டு முறையும் செய்த வேலை, ஒரு பத்தியில் ஒரு மதத்தின் பெயரைச் சேர்த்தது. சீக்கியத்திலும் பவுத்தத்திலும் கோட்பாட்டளவில் சாதி கிடையாது. இருந்தும் அந்த மதங்களுக்குப் போனவர்களைச் சாதி விடவில்லை என்று அரசு ஏற்றுக்கொண்டது. பிறகு கிறித்தவரும் முசுலிமும் என்று வரும்போது மட்டும் கேள்வி ஏன் ‘சோசியலாஜிக்கல்’ ஆகிறது?

ஆய்வு வேண்டும் என்கிறார்கள். செய்யாத ஆய்வா? நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே அறிக்கை கொடுத்தது. மூன்றாம் பத்தியை முழுதாக நீக்கி, பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரித்துவிடுங்கள் என்றது. தேசியச் சிறுபான்மையினர் ஆணையத்துக்காகச் சமூகவியலாளர் சதீஷ் தேஷ்பாண்டே தலைமையில் தயாரான ஆய்வு 2008இல் வந்தது. உச்ச நீதிமன்றத்தில் இது குறித்த பொதுநல மனு 2004இல் போடப்பட்டது. அந்த ஆண்டு பிறந்த குழந்தைகள் இப்போது நம் வாசிப்பு வட்டத்துக்கு வந்து உட்காருகிறார்கள். தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19இல் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பியது. பாலகிருஷ்ணன் ஆணையத்துக்குக் கொடுத்த இரண்டாண்டுக் கெடு 2024இல் முடிந்தது. அறிக்கை வரவில்லை, கெடுவை நீட்டினார்கள்.

இப்போது பக்கத்து வீட்டுக் கதையைப் பாருங்கள். பொருளாதாரத்தில் நலிந்த உயர்சாதியினருக்கு 10 விழுக்காடு. 2019 ஜனவரி 8ஆம் தேதி மசோதா மக்களவைக்கு வந்தது. அன்றைக்கே நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவை. 12ஆம் தேதி குடியரசுத் தலைவர் கையெழுத்து. 14ஆம் தேதி, பொங்கலுக்கு முந்தின நாள், அமலுக்கே வந்துவிட்டது. இடஒதுக்கீட்டின் அடிப்படையையே மாற்றிய, அரசமைப்பையே திருத்திய ஒரு வேலை அது. ஒரு வாரம்கூட ஆகவில்லை. சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் விரிவாகக் கலந்து பேசினார்களா? நம்மிடம் யாரும் கேட்கவில்லை. 50 விழுக்காட்டு வரம்பு என்று 1992 முதல் நமக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த உச்ச நீதிமன்றம், 2022 நவம்பர் 7இல் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அதை ஏற்றது. ‘ஹிஸ்டாரிக்கலி காம்ப்ளெக்ஸ்’ அறிவிக்கை வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. காம்ப்ளெக்ஸ் என்ற சொல்லுக்குச் சாதி உண்டு என்று நாங்கள் சொல்வது இதனால்தான். சிலர் வாசலுக்கு மட்டும் அது வருவதே இல்லை.

சூசை வழக்கைச் சட்டம் படிக்கும் தோழர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த தொழிலாளி அவர். ஆதிதிராவிடர், கிறித்தவராக மாறியவர். சாலையோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, அதே தொழில் செய்த இந்துத் தோழர்களுக்குக் கிடைத்தது, இவருக்கு இல்லை. அதே தோல், அதே ஊசி, அதே வெயில். உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்ட வேண்டும், அதற்குப் போதுமான ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்று மனு தள்ளுபடியானது. தெருவில் உட்கார்ந்து செருப்புத் தைக்கிற மனிதர், தான் ஏன் தெருவில் உட்கார்ந்து செருப்புத் தைக்கிறார் என்பதற்குச் சமூகவியல் ஆதாரம் கொண்டுவர வேண்டும்!

சரி, ஆதாரம்தானே. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். தலித் கிறித்தவர் கல்லறைக்கும் சாதிக் கிறித்தவர் கல்லறைக்கும் நடுவில் சுவர் கட்டியவர்களுக்கு எந்தச் சமூகவியல் குழப்பமும் இருக்கவில்லை. செத்தவர்களில் யார் பறையர், யார் பிள்ளை என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. எறையூரில் தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் வெடித்த மோதல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து இரண்டு உயிர் போனது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டார்கள், சந்தோஷம். அந்த ஒப்புதல் எத்தனை கல்லறைச் சுவர்களை இடித்தது என்று ஆயர்களைக் கேட்டால் அங்கேயும் ஒரு ‘சென்சிடிவ்’ கிடைக்கும். காம்ப்ளெக்ஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி அது. டெல்லியை நோக்கிப் பேசும்போது “எங்கள் தலித் மக்கள்”, பங்குப் பேரவையில் பேசும்போது “மெதுவா பார்ப்போம்”. இந்த இரட்டை வேடத்தை நாம் விட்டுவைக்கக் கூடாது.

அனுமந்தன்பட்டி போன்ற, கோயிலும் மாதா கோயிலும் சேர்ந்தே இருக்கிற ஊரிலிருந்து பார்த்தால் இது இன்னும் பச்சையாகத் தெரியும். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியும் முன்னே ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் ஏறுகின்றன. அதில் இரண்டு பெண்கள், மேரி என்றும் மாரி என்றும் வைத்துக்கொள்வோம். ஒரே தெரு, ஒரே சாதி, ஒரே கூலி. மாரியின் மகனுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ். மேரியின் மகன் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், நிலமும் கடையும் பங்களாவும் வைத்திருக்கிற சாதிகளோடு ஒரே வரிசையில் ஓட வேண்டும். தனி வார்டில் மாரி நிற்கலாம், மேரி நிற்க முடியாது. தோட்டத்தில் யாராவது சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் மாரிக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு, மேரிக்குக் கிடையாது. திட்டுகிறவன் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டா திட்டுகிறான்?

இது கற்பனை வாதம் இல்லை. தன்னைச் சாதி சொல்லித் திட்டித் தாக்கினார்கள் என்று ஆந்திராவில் ஒரு போதகர் கொடுத்த வழக்கை 2025 ஏப்ரலில் அந்த மாநில உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கிறித்தவராக மாறியவர் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்க முடியாது என்பது காரணம். அதற்கு முன், 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவர் அரசு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம், உண்மையான நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக இந்து என்று சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்றது. குழந்தையாக இருந்தபோது அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் அவருக்கு எதிரான சான்றாக நின்றது. ஒருவரது பக்தியை அளந்து பார்க்க நீதிமன்றத்துக்குக் கருவி இருக்கிறது. ஒருவர் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதியைப் பார்க்க மட்டும் கண் தெரியவில்லை.

இதில் நிஜமாகவே கடினமான இடம் ஒன்று இருக்கிறது. அதை மறைத்துப் பேசினால் நாமும் அறிவிக்கை எழுதியவர்களைப் போலத்தான். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, 2009 முதல் அதற்குள் அருந்ததியருக்கு 3. இந்தப் பங்கை அப்படியே வைத்துக்கொண்டு இன்னொரு கூட்டத்தை உள்ளே விட்டால் யார் வாயிலிருந்து பிடுங்குவது என்று இந்து தலித் குடும்பங்கள் கேட்கின்றன. கான்வென்ட் பக்கத்தில் இருந்தவன் இங்கிலீஷ் படித்து முந்திவிடுவான் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. நியாயமான பயம். நம் சொந்தங்களின் பயம். இதற்குப் பதில் ‘காம்ப்ளெக்ஸ்’ இல்லை, கணக்கு. ஆளைச் சேர்க்கும்போது விழுக்காட்டையும் சேர். பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலிருந்து எத்தனை பேர் வெளியே வருகிறார்களோ அந்த அளவுக்கு அங்கிருந்து இங்கே மாற்று. 50 தடுக்கிறது என்றால், 10 விழுக்காட்டுக்கு அந்தத் தடை எப்படி விலகியதோ அப்படியே இதற்கும் விலக்கு. மாரியையும் மேரியையும் ஒரே தட்டுக்கு அடித்துக்கொள்ள விட்டுவிட்டு, “பாருங்கள், எவ்வளவு சிக்கல்” என்று தள்ளி நின்று எழுதுவதுதான் அயோக்கியத்தனம்.

கம்பம் பள்ளத்தாக்குத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பன்னீர் திராட்சையின் பந்தலுக்குக் கீழே நின்று வெளியூர்க்காரர் மேலே பார்த்தால், ஒன்றோடொன்று சுற்றிக்கொண்ட பச்சைக் குழப்பம்தான் தெரியும். கவாத்துக்கு வருகிறவர் அப்படிப் பார்க்கமாட்டார். எது எந்தத் தண்டிலிருந்து வருகிறது, எதை வெட்டினால் எது காய்க்கும் என்று அவர் கைக்குத் தெரியும்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். மாணவத் தோழர்களின் கட்டுரைகளிலும் சுவரொட்டிகளிலும் இப்போது அடிக்கடி வரும் சொல் ‘இன்டர்செக்ஷனாலிட்டி’. இது அந்த மழுப்பல் கூட்டத்தைச் சேர்ந்த சொல்தானா? இல்லை. அது பிறந்த இடம் ஒரு வேலைநீக்க வழக்கு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1964க்கு முன் கருப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பின்னால் எடுத்தவர்களையும் எழுபதுகளின் ஆட்குறைப்பில், கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும் என்ற விதியால் வெளியே தள்ளியது. ஐந்து பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1976இல் நீதிமன்றம் என்ன சொன்னது? கம்பெனியில் பெண்கள் இருந்திருக்கிறார்கள், ஆகவே பெண் என்பதால் பாகுபாடு இல்லை. அந்தப் பெண்கள் வெள்ளைக்காரிகள் என்பது கணக்கில் வரவில்லை. இனப் பாகுபாட்டுக்கு வேறு வழக்கோடு போய்ச் சேருங்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது. இந்த அநியாயத்தைக் காட்டத்தான் 1989இல் கருப்பினச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா அந்தச் சொல்லைக் கையில் எடுத்தார். நாற்சந்தியில் நிற்கிறவள் மீது இரண்டு பக்கத்திலிருந்தும் வண்டி மோதும். எந்த வண்டி மோதியது என்று நிரூபித்தால்தான் மருத்துவம் என்றால் அவள் அங்கேயே செத்துப்போவாள். அந்தச் சொல்லில் சாலை இருக்கிறது, வண்டி இருக்கிறது, ஓட்டியவன் இருக்கிறான், அடிபட்டவள் இருக்கிறாள்.

அந்தச் சொல் நம் உச்ச நீதிமன்றத்துக்கும் வந்தது. 2021 ஏப்ரல் 27, பாட்டன் ஜமால் வலி வழக்கு. பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் மீது பாலியல் வன்கொடுமை. நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பு கிரென்ஷாவை மேற்கோள் காட்டி, சாதியும் பாலினமும் உடல் ஊனமும் ஒரே உடலில் எப்படிச் சேர்ந்து இறங்குகின்றன என்று பக்கம் பக்கமாக விளக்கியது. நல்ல பக்கங்கள்தான், படியுங்கள். முடிவில் பாலியல் வன்கொடுமைக்கான ஆயுள் தண்டனை உறுதியானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனை ரத்தானது. சாதி காரணமாகவே குற்றம் நடந்தது என்பதற்குத் தனியாக ஆதாரம் இல்லையாம். பழைய சட்ட வாசகம் அப்படி, 2016இல் அமலான திருத்தத்துக்குப் பிறகு ‘பட்டியல் சாதி என்று தெரிந்திருந்தால்’ போதும் என்று தீர்ப்பே சொல்கிறது. இருக்கட்டும். எல்லாம் பின்னிப் பிணைந்தது என்று அத்தனை பக்கம் எழுதிய பிறகும், பின்னலிலிருந்து உருவி வெளியே போடப்பட்ட இழை சாதிதான்.

சொல் நல்ல இடத்தில் பிறந்தது என்பதால் மட்டும் அது நமக்கு வேலை செய்துவிடாது. “இது இன்டர்செக்ஷனல் பிரச்சினை” என்று சுவரொட்டியில் எழுதிவிட்டு, எந்தச் சாலையில் எந்த வண்டி வந்தது என்று அடுத்த வரியில் எழுதாவிட்டால் அதுவும் காம்ப்ளெக்ஸ்தான், கொஞ்சம் புது மாடல். கல்லூரிக் கருத்தரங்கில் அந்தச் சொல்லுக்குக் கைதட்டும் பேராசிரியர், தன் துறையில் எத்தனை தலித் பெண்கள் வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டவுடன் கடிகாரம் பார்ப்பதைக் கண்டிருக்கிறோம்.

அண்ணல் அம்பேத்கர் இதை எப்படிச் செய்தார் என்று பாருங்கள். 1916 மே 9, கொலம்பியா பல்கலைக்கழகம், பேராசிரியர் கோல்டன்வைசரின் கருத்தரங்கு. வயது 25. சாதி பற்றி அதுவரை எழுதிய செனார்ட், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர் எல்லோரையும் எடுத்து வைக்கிறார். தீட்டு, தொழில், சேர்ந்து உண்பது, இனம் என்று ஆளுக்கொரு பட்டியல். இத்தனை இழைகளைப் பார்த்து அவரும் ‘மிகவும் சிக்கலான நிறுவனம்’ என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கலாம், பட்டம் கிடைத்திருக்கும். அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து, அகமணம்தான் முடிச்சு என்று விரலை வைத்தார். அதோடு விடவில்லை. ஒரு கூட்டம் தனக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டுமானால் ஆண் பெண் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். கணவன் செத்தால் மனைவி மிச்சம். மனைவி செத்தால் கணவன் மிச்சம். மிச்சமான பெண்ணை எரிக்கலாம், இல்லை காலமெல்லாம் கைம்பெண்ணாக முடக்கலாம். மிச்சமான ஆணுக்குச் சிறுமியைக் கட்டி வைக்கலாம். சாதியும் பெண்ணடிமையும் பின்னிப் பிணைந்தவை என்று இன்று நாம் மாநாடு போட்டுப் பேசுவதை, எந்த இழை எந்த இழையை இழுக்கிறது என்பது உட்பட அவர் அன்றே எழுதிவிட்டார். அதற்குப் புதுச் சொல் எதுவும் தேவைப்படவில்லை.

ஆகஸ்ட் 10 தலித் கிறித்தவர்களுக்குக் கறுப்பு நாள். அதற்கான துண்டறிக்கைக்குத் தோழர்கள் எழுதி அனுப்பும் குறிப்புகளில் ‘சாதியும் மதமும் சிக்கலாகப் பின்னிப் பிணைந்துள்ள நிலையில்’ என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த ஊர், எந்தக் கல்லறை, எந்தத் தேர் எந்தத் தெருவுக்கு வராது, எந்த அலுவலகம் எந்தச் சான்றிதழை எப்போது மறுத்தது, எழுத்தில் மறுத்ததா வாயால் மறுத்ததா என்று எழுதுங்கள். முசுலிம் தோழர்கள் தங்கள் தெருக்களின் கணக்கைத் தனியாக எழுதுங்கள், அதை எங்கள் சொற்களில் நாங்கள் எழுதக் கூடாது. தனிமனிதர்களின் பெயரை அவர்களிடம் கேட்காமல் போடாதீர்கள். ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டியிருந்தால் மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது. ‘காம்ப்ளெக்ஸ்’ வருகிற இடத்தையெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டு, “யார் செய்தது?” என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புவோம். ஜூலை கடைசிக்குள் வந்துவிட்டால் அச்சுக்கு வசதியாக இருக்கும்.